ஊர் கூடி நம்பியவை

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டிக் கரங்கானில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

‘நம்பிக்கை’ என்னும் தலைப்பில் பேச வேண்டும் என்று அறங்காவலர்கள் கேட்டுக்கொண்டார்கள். பக்தியைப் பற்றிப் பேச நேற்றைய தினம் வந்திருந்த பெரியவர் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர் பேசிய பிறகு நான் அதையே பேசினால், பாயசத்துக்குப் பிறகு பழைய சோறு பரிமாறியதாகிவிடும். ஆகவே இறைவனிடம் மனிதன் வைக்கும் நம்பிக்கையை நான் தொடப் போவதில்லை. ஓர் ஊரார் அனைவரும் சேர்ந்து ஒன்றை நம்பும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே பேச நினைக்கிறேன்.

ஜெராய் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். கெடாவில் உள்ள அத்தனை பேரும் நாளைக் காலை எழுந்து, “அப்படியொரு மலையே இல்லை” என்று சொன்னாலும் மலை அங்கேதான் இருக்கும். மேகம் அதன் தலையில் வந்து உட்காரத்தான் செய்யும். இப்பொழுது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பத்து வெள்ளி நோட்டை எடுத்துப் பாருங்கள். நாளைக் காலை எல்லாரும் அதை வெறுங் காகிதம் என்று சொல்லிவிட்டால், அது வெறுங் காகிதமேதான். ஆக, உலகில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. நாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இருப்பவை ஒரு வகை. நாம் எல்லாரும் நம்புவதால் மட்டுமே இருப்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகையை அற்பமென்று எண்ண வேண்டாம். நம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைதான்.

இந்தக் காகித உதாரணம் நான் கற்பனையாகச் சொன்னதன்று. இங்கே இருக்கும் வயதானவர்களின் வீடுகளில் ஒரு காலத்தில் அது நடந்திருக்கிறது. 1942 முதல் ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் புழங்கின. ‘வாழைமர நோட்டு’ என்றே நம் மக்கள் அதை அழைத்தார்கள். ஆண்டு செல்லச் செல்ல, கட்டுக் கட்டாக அச்சடித்துத் தள்ளினார்கள். அதன் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். என் பாட்டி தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் மடித்து வைத்திருந்த கட்டு, பேரப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடும் பணமாயிற்று. பாட்டி உழைத்த உழைப்பு உண்மை. சுமந்த பால் வாளி உண்மை. நோட்டில் இருந்த மதிப்பு மட்டும், ஊரார் கூடி நம்பியவரையில் இருந்தது; நம்பிக்கை போனதும் அதுவும் போயிற்று.

பணம் எளிதான உதாரணம். இதைவிடக் கடினமான ஒன்றைச் சொல்கிறேன். அது சைக்கிள்.

தோட்டத்தில் ஒருவர் சைக்கிளில் போகிறார். எதிரே துரை வருகிறார். உடனே சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, அவர் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, கிராணிமாருக்கும் அப்படியே. இது எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது? நான் அறிந்தவரை எதிலும் இல்லை. போலீஸ்காரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தானா? இல்லை. இருந்தும் எல்லாரும் இறங்கினார்கள். ஏன் இறங்கினார்கள் என்றால், எல்லாரும் இறங்குகிறார்கள் என்பதால். இறங்காதவனுக்கு மறுநாள் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. தனியாக ஒருவன் இறங்காவிட்டால் அவன் வேலை போயிருக்கும். ஆனால் அத்தனை பேரும் ஒரே நாளில் இறங்காவிட்டால்? அத்தனை பேரையும் நீக்கிவிட்டுப் பால் மரத்தை யார் வெட்டுவது?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்தது இதுதான். அவ்வாண்டு அங்கு நடந்த வேலைநிறுத்தங்களில் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தக் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடக் கேட்டார்கள். அவற்றோடு, துரைமார் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலி உயர்வுக்கு இணையாகச் சைக்கிளும் ஒரு கோரிக்கையா என்று இன்றைய இளைஞர்கள் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். கூலி என்பது கம்பெனி கொடுப்பது. சைக்கிளிலிருந்து இறங்குவது நாமாகக் கொடுத்தது. நாமாகக் கொடுத்ததை நாம் நிறுத்திவிட்டால் துரைத்தனத்தின் பாதி அப்பொழுதே போய்விடும். இதைத் துரைமாரும் நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் அந்தப் போராட்டம் படையை அழைத்து அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். முன்னின்ற ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்தவர், நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டே துரைமார் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். யாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமோ அவர்கள் தலை குனிந்து நடந்து போவதைத் தோட்ட மக்கள் கண்ணால் கண்டார்கள். ஒருமுறை கண்டதைக் காணாததாக ஆக்க முடியாது.

சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களின் கதையை இங்கே சொல்லப் புகுந்தால் இந்த இரவு போதாது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் நடந்த வேறொன்றைச் சொல்கிறேன். 1943 அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். அமைச்சர்கள் இருந்தார்கள், கொடி இருந்தது, படை இருந்தது. நாடுதான் கையில் இல்லை. கணக்குப் பார்ப்பவன் அதை ஒரு பாவனை அரசாங்கம் என்று சொல்லியிருப்பான். ஆனால் மலாயாத் தோட்டங்களில் இருந்த நம் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டுப் பெண்கள் துப்பாக்கி பிடித்துப் பயிற்சி செய்தார்கள். நேற்றுவரை ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவரை ‘சிப்பாய்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லை அவர் நம்பினார். பக்கத்து லயத்துக்காரரும் நம்பினார். அரசாங்கம் இரண்டே ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. நிமிர்ந்து நின்ற முதுகு மட்டும் மறுபடி வளையவில்லை.

இதற்கு நம் கெடாவே சாட்சி. போருக்குப் பிறகு, பீடோங்கிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அணிவகுப்பு, உடற்பயிற்சி, ஒழுங்கு எல்லாம் அவர்கள் புதிதாகக் கற்றவையல்ல. போர்க்காலத்தில் கற்றவற்றைத்தான் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் எதிர்த்த முதல் எதிரி வெளியே இருக்கவில்லை. அது கள்ளு.

இதிலும் ஒரு பொது நம்பிக்கை அடங்கியிருந்தது. கள்ளுக் குடித்தால்தான் உடம்பு வலி தீரும், கள்ளில்லாமல் காட்டு வேலை செய்ய முடியாது என்று குடிப்பவன் நம்பினான். கள்ளுக்கடை இல்லாவிட்டால் ஆட்கள் தோட்டத்தில் தங்க மாட்டார்கள் என்று நிர்வாகம் நம்பியது. கணவன் குடிப்பது தலையெழுத்து என்று மனைவி நம்பினாள். மூன்று பேரின் நம்பிக்கையும் சேர்ந்து கடையை நடத்தியது. தொண்டர் படை போய்க் கடை வாசலில் நின்றதும் மூன்றும் ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் ஏற்பட்டது. அடுத்த வாரத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் தொழிலாளர்கள் தாக்கப்பட்டுக் கைதானார்கள். அதே ஆண்டு, இதோ நம் கரங்கானை ஒட்டியிருக்கும் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிர்விட்டார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இராசேந்திர சோழன் கடாரத்தை வென்றதை நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். ஆயிரமாண்டுக்கு முந்தைய அந்த வெற்றி கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் முன்னோர் கடாரத்துக்கு யானைப்படையோடு வரவில்லை. ‘ராஜூலா’ போன்ற கப்பல்களில் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வந்தார்கள். சோழனை நினைத்துப் பெருமைப்படுவதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. டப்ளின் தோட்டத்தையும் சேர்த்து நினைத்தால் பெருமைக்கு ஆதாரம் கூடும் என்றே சொல்கிறேன்.

இனி, ஆலயத்துக்கு வருகிறேன். தோட்டம் என்பது யாருடையது? கம்பெனியுடையது. கம்பெனி என்பவர் யார்? அவரைக் கண்டவர் உண்டா? கிடையாது. துரை கம்பெனி அல்லர், அவரும் சம்பளக்காரர்தான். பங்குக்காரர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். பெரும்பாலோர் பால்மரத்தைக் கண்ணால் கண்டவர்களல்லர். கம்பெனிக்கு உடல் இல்லை, உயிர் இல்லை, பசி இல்லை. ஆனாலும் அதற்குச் சொத்து உண்டு, கையெழுத்து உண்டு, வழக்குப் போட உரிமை உண்டு, நம்மை லயத்தை விட்டு வெளியே அனுப்ப அதிகாரமும் உண்டு. சட்டம் அதை ஒரு நபராகக் கொள்கிறது, நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

அதே தோட்டத்தில் இன்னொரு உரிமையாளரும் இருந்தார். லயத்துக்குப் பின்னால், மரத்தடியில், முதலில் ஒரு கல். பிறகு தகரக் கூரை. பிறகு சிமெண்டுச் சுவர். மாரியம்மன் கோயில் நிலம் அம்மனுடையது என்பதில் அங்கு எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. திருவிழாவின்போது துரையே வந்து மாலை வாங்கிக்கொண்டு போவார். ஆகவே ஒரே மண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவருடைய உரிமை நிலப் பதிவு அலுவலகத்தில் எழுதியிருந்தது. மற்றவருடையது நம் மனத்தில் மட்டும் எழுதியிருந்தது. தோட்டம் கைமாறியபோது, வீடமைப்புத் திட்டம் வந்தபோது, நெடுஞ்சாலை வந்தபோது எந்தப் பதிவு செல்லுபடியாயிற்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்திய நாட்டில் தெய்வ மூர்த்தமும் சொத்துரிமை உடைய ஒரு சட்ட நபர் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே ஏற்றுவருகின்றன. 1925இல் பிரிவி கவுன்சிலும் அவ்வாறே தீர்ப்பளித்தது. இதற்கு ஓர் அருமையான நிகழ்ச்சி உண்டு. தஞ்சைத் தரணியில் பத்தூர் என்னும் ஊர். இடிந்துபோன ஒரு சிவாலயத்தின் அருகே 1976இல் மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராசர் கிடைத்தார். கடத்தப்பட்டுக் கைமாறி லண்டன் சென்றார். 1982இல் கனடா நாட்டுக் கம்பெனியொன்று அவரை விலைக்கு வாங்கியது. லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள். வழக்கு நடந்தது. ஒருபுறம் கம்பெனி. மறுபுறம் பத்தூர்க் கோயில். பூசையே நின்றுபோன, இடிந்து கிடந்த அந்தக் கோயில் ஒரு வழக்காளியாக ஆங்கில நீதிமன்றத்தில் நிற்கலாமா என்று வாதம் எழுந்தது. நிற்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் தீர்ப்புச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத கம்பெனி தோற்றது. நடராசர் தமிழகம் திரும்பினார். நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் வேறு வழியில் செல்வது. இங்கே பதிவு பெற்ற சங்கம் வேண்டும், அறங்காவலர் வேண்டும், நிலத்துக்குப் பத்திரம் வேண்டும். ஆகவே ராஜகோபுரத்துக்கு நன்கொடை தருவதற்கு முன், “நிலம் யார் பெயரில் இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாருங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நிர்வாகத்தார் சிலர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

நம்பிக்கையைப் பத்திரமாக மாற்றிக் காட்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அவ்வேளையில் துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, “நீங்களே தோட்டம் வாங்குங்கள்” என்று சொன்னார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளம் மளிகைக் கடன் அடைக்கவே போதாதவர்களிடம் சொன்ன பேச்சு அது. ஒரு பங்கு நூறு வெள்ளி. பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். ஒருவர் மட்டும் கட்டினால் அந்த நூறு வெள்ளிக்குத் தோட்டம் கிடைக்காது. மற்றவரும் கட்டுவார் என்று நம்பினால்தான் தான் கட்டுவதில் பொருள் இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பிப் பத்து வெள்ளியை எடுத்து வைத்தார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கெடாவில், புக்கிட் சிடிம் தோட்டம். முன்பு பால்வெட்டியவர் அதே மரத்தில் மறுநாளும் பால்வெட்டினார். கத்தி அதே கத்தி, வாளி அதே வாளி. ஆனால் தோட்டத்தில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர் சொல்லிக்கொண்டபோது, அதற்குப் பெட்டியில் ஒரு காகிதம் சாட்சியாக இருந்தது.

எல்லாக் காகிதமும் அப்படி அமைந்துவிடுவதில்லை. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களை இந்த மண்டபத்திலேயே பார்க்கிறேன். எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு எண்பது காசு என்ற விலை பேசப்பட்டது. இதற்கு யார் காரணம் என்ற வழக்கை நான் இங்கே நடத்த வரவில்லை. 1986இல் சீன சமூகத்தினரும் பிறரும் பணம் போட்டிருந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால், இது ஓர் இனத்தின் தலைவிதியன்று என்பது விளங்கும். மக்கள் நம்பியதில் குறை இல்லை. நம்பியவர்களுக்கு அவ்வப்போது கணக்குக் காட்ட வேண்டியவர்கள் இருந்தார்கள். கணக்குக் காட்டப்படாத நம்பிக்கை வாழைமர நோட்டைப் போன்றது. அச்சடிக்க அச்சடிக்க மதிப்புக் குறையும்.

கடைசியாக, இன்றும் நம்மிடையே செல்லுபடியாகிக்கொண்டிருக்கும் ஒரு கள்ள நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். “தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு வராது” என்பதே அது. இதை முதலில் சொன்னது யார் என்று தெரியாது. பால்வெட்டுக்கு ஆள் வேண்டியவர்களுக்கு அது வசதியாக இருந்தது. ஆசிரியர் நம்பினார்; பின் வரிசையில் உட்கார வைத்தார். தகப்பன் நம்பினார், ஆறாம் வகுப்போடு மங்கு கழுவ அனுப்பினார். பிள்ளை நம்பினான், தேர்வில் தவறினான். உடனே மூவரும், “பார்த்தீர்களா, நாம் சொன்னது சரிதானே” என்றார்கள். பொய்யாக இருந்தது, நம்பி நம்பியே மெய்யாக்கப்பட்டுவிட்டது. இன்று தோட்டமே இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்ப் பல இடங்களில் தொழிற்பேட்டை வந்துவிட்டது. கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்துவிட்டோம். இந்தச் சொல் மட்டும் லயத்தை விட்டு நம்மோடு லாரியில் ஏறி வந்துவிட்டது.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் கல்வி நிதி வழங்குகிறது. பணம் தருவது நல்லது. அதோடு ஒன்று செய்யலாம் என்று அறங்காவலர்களிடம் கேட்டிருக்கிறேன். நிதி பெற்றுப் படித்தவர்கள் இன்று எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய சம்மதத்தோடு ஒரு பட்டியல் எழுதி, கோயில் வரவு செலவுக் கணக்கு ஒட்டும் பலகையில், அதற்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது வேறு வேலை இல்லாமல் அதைப் படிக்கும். தன் லயத்துப் பெயரையோ தன் தெருப் பெயரையோ அதில் பார்க்கும். அறங்காவலர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். பலகைக்கு ஆகும் செலவை ஏற்க ஒருவர் இப்பொழுதே முன் வரிசையிலிருந்து கை தூக்குகிறார். ஐயா, கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.